கேட்கப் பழகும் வகுப்பறை

(எமது கல்லூரியின் நூற்றாண்டையொட்டிப் பழைய மாணவியர் சங்கம் ஒழுங்கு செய்த கல்விக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரை)



  

வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசச் சொல்வதுதான் வழமை. விழாக் குழுவினர் எமக்குத் தந்த தலைப்போ ‘இஸ்லாமிய நாகரிகப் பாடத்தில் மாணவர் மையக் கற்றல்’. தலைப்பைக் கேட்டதும் சிலர் சிரித்திருக்கலாம். ஆனால் வைத்தியசாலையில் நாம் தினமும் பலமுறை உச்சரிக்கும் சொல் ஒன்று ‘ஹிஸ்டரி’. நோயாளி விடுதிக்கு வந்ததும் மூத்த வைத்தியர் கேட்கும் முதற் கேள்வி, “ஹிஸ்டரி எடுத்தாச்சா?” என்பதுதான். எப்போது தொடங்கியது, முதலில் எங்கே வலித்தது, வேறு யாருக்கும் இருந்ததா, இதைச் சொல்பவர் நோயாளியா, கூட வந்தவரா? இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத்தான் அந்த வரலாறு உருவாகிறது. எங்கள் தொழிலில் வரலாறு என்பது கேட்டுப் பெறுவது. பாடசாலையில் மட்டும் அது ஏன் ஒப்புவிப்பதாக இருக்க வேண்டும்? இந்தக் கேள்வியோடுதான் உங்கள் முன் நிற்கிறோம்.

எமது காலத்து இஸ்லாமிய நாகரிகக் கொப்பிகளை இன்னும் வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள். உமையாக்கள் காலம், அப்பாஸியர் காலம், ஸ்பெயினில் முஸ்லிம்கள், அறிஞர்கள், அவர்கள் எழுதிய நூல்கள், இறந்த ஆண்டுகள். அழகான கையெழுத்தில், சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, ஒன்று இரண்டு என்று இலக்கமிட்ட பட்டியல். அந்தப் பட்டியல்கள் எம்மைப் பரீட்சையில் கரை சேர்த்தன. அதற்காக எமது ஆசிரியைகளுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அதே ஆசிரியைகள் சில நாட்களில் கொப்பியை மூடச் சொல்லிவிட்டு, “பிள்ளைகளே, பக்தாதில் நீங்கள் இருந்திருந்தால் என்ன வேலை பார்த்திருப்பீர்கள்?” என்று கேட்ட நாட்களும் உண்டு. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு எமக்கு மறக்காமல் இருப்பது அந்த நாட்களின் பாடங்களே.

மாணவர் மையக் கற்றல் என்பது ஒன்றும் விளங்காத வித்தையல்ல. பாடத்தின் பாரத்தை ஆசிரியை ஒருவரே தலையில் சுமந்து வந்து வகுப்பில் இறக்கி வைப்பதற்குப் பதிலாக, பிள்ளைகளும் சேர்ந்து தூக்குவது. தேடுவது, ஒப்பிடுவது, ஐயப்படுவது, தம் சொந்த வார்த்தையில் சொல்வது ஆகிய வேலைகளைப் பிள்ளைகள் செய்ய வேண்டும். எமது நாட்டில் 2007ஆம் ஆண்டு முதல் தேர்ச்சி மையக் கலைத்திட்டமும் ‘ஐந்து ஈ’ எனும் கற்பித்தல் முறையும் அறிமுகமாயின. காகிதத்தில் வந்துவிட்டன. வகுப்பறைக்குள் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன என்பதை இங்கிருக்கும் ஆசிரியைகளே நன்கு அறிவார்கள். பிறிஸ்டல் அட்டையும் வர்ணப் பேனையும் கொடுத்துக் குழுவாக இருத்திவிட்டால் மட்டும் அது மாணவர் மையம் ஆகிவிடாது. புத்தகத்தில் இருப்பதை அட்டையில் பார்த்து எழுதுவதும் ஒப்புவித்தலின் இன்னொரு வகைதான். பிள்ளைக்கு உண்மையான ஒரு கேள்வி கிடைத்திருக்கிறதா என்பதே அளவுகோல்.

இது மேற்கிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு விடயங்களை நினைவூட்ட விரும்புகிறோம்.

முதலாவது, புகாரி கிரந்தத்தில் வரும் ஒரு செய்தி. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தோழர்களைப் பார்த்து, இலை உதிராத, முஃமினுக்கு உவமையான மரம் எது என்று கேட்கிறார்கள். எல்லோரும் காட்டு மரங்களை எண்ணிப் பார்க்கிறார்கள். அது பேரீச்சை என்று இளைஞர் இப்னு உமர் அவர்களுக்குத் தெரிகிறது. பெரியவர்கள் இருக்கிறார்களே என்று வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார். பின்னர் தந்தை உமர் (ரழி) அவர்களிடம் இதைச் சொன்னபோது, நீ சொல்லியிருந்தால் எனக்கு அது எவ்வளவோ விருப்பமாக இருந்திருக்கும் என்று அவர் ஆதங்கப்படுகிறார். பதிலை நேரே சொல்லாமல் கேள்வியாகப் போட்ட ஆசானை இதில் காண்கிறோம். பதில் தெரிந்தும் வாய் திறக்காத பிள்ளையையும் காண்கிறோம். எமது வகுப்பறைகளில் பின் வாங்கில் எத்தனை இப்னு உமர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஆயிஷா (ரழி) அவர்கள் தமக்கு விளங்காத எதையும் விளங்கும்வரை திருப்பித் திருப்பிக் கேட்பவர்களாக இருந்தார்கள் என்பதும் அதே கிரந்தத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது, எமது தொழிலோடு தொடர்புடையது. அபூபக்ர் அர்ராஸி, ரை நகரில் பிறந்து, அங்கும் பக்தாதிலும் வைத்தியசாலைகளுக்குத் தலைமை தாங்கியவர். பெரியம்மையையும் சின்னமுத்தையும் வேறுபடுத்தி நூல் எழுதியவர். அவர் எப்படிக் கற்பித்தார் என்பதை இப்னுந் நதீம் 10ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘அல்-பிஹ்ரிஸ்த்’ சொல்கிறது. அர்ராஸி நடுவில் அமர்ந்திருப்பார். அவரது மாணவர்கள் அவருக்குக் கீழே, அவர்களுடைய மாணவர்கள் அவர்களுக்கும் கீழே. வரும் நோயாளி முதலில் கடைசி வரிசையினரிடம் தன் முறைப்பாட்டைச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு விடை தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் அடுத்த வரிசை. அவர்களுக்கும் முடியாவிட்டால்தான் அர்ராஸி பேசுவார். இன்று நமது போதனா வைத்தியசாலைகளில் மருத்துவ மாணவர், உள்ளகப் பயிற்சி வைத்தியர், விசேட வைத்திய நிபுணர் என்று நடக்கும் ‘வார்ட் ரவுண்ட்’ இதிலிருந்து வெகுதூரம் போய்விடவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய இந்த வகுப்பைப் பற்றிய பாடத்தை, பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குறிப்பெடுக்கும் வகுப்பில் நடத்துவது எவ்வளவு முரண்!

அதே அர்ராஸியைக் கொண்டு ஒரு பாடத்தை எப்படி நடத்தலாம் என்று ஓர் உதாரணம் சொல்கிறோம். ஆசிரியைகள் வேண்டுமானால் நாளைக்கே செய்து பார்க்கலாம்.

பக்தாதில் வைத்தியசாலை கட்ட இடம் தேடியபோது அர்ராஸி நகரின் பல பகுதிகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டார், எங்கே இறைச்சி பழுதாகத் தாமதமானதோ அந்த இடத்தைத் தெரிவு செய்தார், அதுதான் புகழ்பெற்ற அழுதீ வைத்தியசாலை என்ற கதை பலருக்கும் தெரியும். கட்டுரைகளில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருப்போம். இந்தக் கதையை முதலில் பிள்ளைகளுக்குச் சுவையாகச் சொல்லுங்கள். பிறகு கரும்பலகையில் இரண்டே இரண்டு ஆண்டுகளை எழுதுங்கள். அர்ராஸியின் மரணம் 925 அளவில். அழுதுத் தௌலாவின் பெயரைத் தாங்கிய அந்த வைத்தியசாலை திறக்கப்பட்டது 982 அளவில். எழுதிவிட்டு ஐந்து நிமிடம் ஒன்றும் பேசாதீர்கள். அந்த ஐந்து நிமிடம்தான் ஆசிரியைக்குக் கஷ்டமான நேரம். யாராவது ஒரு பிள்ளை, “டீச்சர், மௌத்தாகி ஐம்பது வருஷத்துக்குப் பிறகு எப்படி இடம் பார்க்க ஏலும்?” என்று கேட்கும். அந்தக் கேள்வி வந்ததும் வகுப்பே விழித்துக்கொள்ளும்.

அப்படியானால் கதை முழுப் பொய்யா? ஒரு பிள்ளை, அது பக்தாதின் வேறொரு வைத்தியசாலையாக இருக்கலாம் என்று சொல்லும். இன்னொன்று, பெரிய கட்டடத்துக்குப் பெரிய பெயரைச் சேர்த்துவிட்டார்கள் என்று சொல்லும். மூன்றாவது பிள்ளை, காற்றோட்டமான இடத்தில்தான் இறைச்சி தாமதித்துப் பழுதாகுமா என்று விஞ்ஞானக் கேள்வி கேட்கும். எல்லாமே நல்ல பதில்கள். கடைசியாக, 13ஆம் நூற்றாண்டில் வைத்தியர்களின் வரலாற்றைத் தொகுத்த இப்னு அபீ உஸைபிஆ இந்தக் கதையைப் பதிவு செய்த இடத்திலேயே, அர்ராஸி அழுதுத் தௌலாவுக்கு முந்தியவர் என்ற தமது கருத்தையும் எழுதி வைத்திருக்கிறார் என்று சொல்லுங்கள். தாம் கண்டுபிடித்ததை எழுநூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அறிஞர் கண்டிருக்கிறார் என்று அறியும்போது அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். அர்ராஸியின் ஆண்டையும் அழுதீ வைத்தியசாலையின் ஆண்டையும் அவர்கள் இனி ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள். மனனம் செய்யாமலே மனனமாகிவிடும்.

இன்னோர் உதாரணம் இப்னுந் நபீஸ். இதயத்தின் வலப்புறத்திலிருந்து இரத்தம் நுரையீரல் வழியாகச் சென்றே இடப்புறத்தை அடைகிறது, நடுச்சுவரில் துளை இல்லை என்று 1242இல் எழுதியவர். இப்னு ஸீனாவின் நூலுக்கு உரை எழுத உட்கார்ந்தவர், அந்த உரையிலேயே இப்னு ஸீனாவையும் கிரேக்கரான கலேனையும் மறுத்தார். மரியாதையோடு படித்தார், மரியாதையோடு மறுத்தார். அவரது அந்தப் பக்கங்கள் பல நூற்றாண்டுகள் உலகின் கவனத்துக்கு வராமல் கிடந்தன. அவற்றை 1924இல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? ஜெர்மனியில் மருத்துவம் கற்றுக்கொண்டிருந்த முஹ்யித்தீன் அத்ததாவி என்ற எகிப்திய மாணவர். பேர்லின் நூலகத்துப் பிரதியைப் படித்து, பிரைபேர்க் பல்கலைக்கழகத்துக்குத் தமது ஆய்வாக ஒப்படைத்தார். பெரிய பேராசிரியர்கள் கடந்து போன இடத்தில் ஒரு மாணவர் நின்று வாசித்தார். ‘மாணவரால் என்ன ஆகும்’ என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

இந்த நாகரிகம் யாருடையது என்பதையும் பிள்ளைகளே தேடிக் காணட்டும். கிரேக்க வைத்திய நூல்களை அரபுக்குக் கொண்டுவந்தவர்களில் தலைசிறந்தவரான ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறிஸ்தவர். சமஸ்கிருதத்திலிருந்த சுஸ்ருதரின் வைத்திய நூலும் பக்தாதில் அரபு மொழிக்குப் போனது. பெயர்ப் பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொருவரும் எந்த ஊர், எந்த மொழி, எந்தச் சமயம் என்று தேடி ஓர் அட்டவணை போடச் சொன்னால் போதும். நாம் எதுவும் உபதேசிக்கத் தேவையில்லை. பல சமயத்தவர் சேர்ந்து வாழும் இந்த மண்ணில், அந்த அட்டவணை தானாகவே பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிவிடும்.

பக்தாதும் கெய்ரோவும் தூரம். பக்கத்தில் என்ன இருக்கிறது? கொழும்பு தேசிய நூதனசாலையில் காலி மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. 1409ஆம் ஆண்டைத் தாங்கியது. சீன, தமிழ், பாரசீக மொழிகளில் செதுக்கப்பட்டது. சீனத்திலிருந்து செங் ஹோ எனும் முஸ்லிம் தளபதியின் கப்பல்களில் வந்த கல் அது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையின் தெய்வமான தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வின் பெயரிலும் காணிக்கைகளைச் சொல்கின்றன. 1911இல் காலி நகரில் வடிகால் ஒன்றை மூடிய கல்லாகக் கிடந்தபோது கண்டெடுக்கப்பட்டது. இந்தக் கல்லின் முன் பிள்ளைகளை நிறுத்தி, “ஏன் மூன்று மொழி? ஏன் இந்த மூன்று?” என்று மட்டும் கேளுங்கள். இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்து புத்தளம் பக்கம் இறங்கி, பாவாத மலை ஏறி, தேவேந்திரமுனை, காலி, கொழும்பு வழியாகத் திரும்பினார். அவர் போன வழியை இலங்கைப் படத்தில் பிள்ளைகள் வரையட்டும். எந்த ஊரில் யாருடைய உம்மும்மா வீடு இருக்கிறது என்று குறிக்கட்டும். அப்போது வரலாறு தம் வீட்டு முற்றத்தால்தான் போயிருக்கிறது என்று தெரியும்.

முற்றத்தில் மட்டுமல்ல, வீட்டுக்குள்ளும் இருக்கிறது. எமது உம்மும்மாமாரின் பெட்டகங்களில் அரபுத் தமிழ்க் கிதாபுகள் இருந்தன. தமிழ் மொழியை அரபு எழுத்தில் எழுதியவை. மாலைகள், மௌலிதுகள், மார்க்கச் சட்டங்கள், சிலவற்றில் கைமருந்துக் குறிப்புகளும் உண்டு. தமிழ் எழுத்துப் படிக்கப் பள்ளிக்கூடம் போகாத பெண்கள், குர்ஆன் ஓதப் பழகிய அந்த எழுத்தின் மூலம் இவற்றைச் சரளமாக வாசித்தார்கள். அவர்களைப் ‘படிக்காதவர்கள்’ என்று சொல்லிக் கடந்துவிடுவது நியாயமா? இன்று அந்தக் கிதாபுகளை வாசிப்போர் குறைந்துவிட்டார்கள். தாள் உக்கிப் போனதும், கண்ணியம் கருதி, வழக்கப்படி மண்ணில் அடக்கிவிடுகிறார்கள் அல்லது நீரில் விட்டுவிடுகிறார்கள். கண்ணியம் சரிதான். ஆனால் அடக்குவதற்கு முன் ஒரு படம் எடுத்து வைக்கலாம் அல்லவா? அதைச் செய்யக்கூடியவர்கள் கையில் தொலைபேசியோடு வீட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகள்தான்.

இனி, இதற்குச் சொல்லப்படும் தடைகள். “நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படி? பாடத்திட்டத்தை எப்போது முடிப்பது? உயர்தரப் பெறுபேறு என்னாவது?” நியாயமான கேள்விகள்தாம். எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்தச் சொல்லவில்லை. மாதத்துக்கு ஒரு பாடம் போதும். மீதியை வழமைபோல் நடத்தலாம். உயர்தரக் கட்டுரை வினாக்களில் காரணம் காட்டி வாதிடும் பிள்ளைக்குத்தான் அனுகூலம். இரண்டு ஆண்டுகளை ஒப்பிட்டுப் பழகிய பிள்ளை பல்தேர்வு வினாவிலும் தடுமாறாது. ஆசிரியையின் வேலை இதில் குறையாது, கூடும் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். நல்ல கேள்வி ஒன்றைத் தயாரிப்பது நல்ல குறிப்பு ஒன்றைச் சொல்லி எழுதுவிப்பதைவிடச் சிரமம். அந்தச் சிரமத்தைப் பாடசாலை நிர்வாகம் மதிக்க வேண்டும்.

பெற்றோர் சிலருக்கு வேறொரு பயம். “கேள்வி கேட்கப் பழக்கினால் பிள்ளையின் ஈமான் ஆடிவிடாதா?” என்று மெல்லக் கேட்பார்கள். இந்தப் பயத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் ஒரு ஹதீஸை இவர் யாரிடம் கேட்டார், அவர் இவரைச் சந்தித்தாரா, சந்தித்திருக்க வயது இடம் கொடுக்குமா என்று அறிவிப்பாளர் வரிசையை அலசிய இமாம்கள் செய்ததும் இதுதானே! சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்று கேட்பது எங்கள் மார்க்க அறிஞர்கள் கட்டியெழுப்பிய கலை. அதைப் பிள்ளைகளுக்குக் கைமாற்றுவது அவர்களது ஈமானுக்குக் காவல். நாளைக்குக் கைத்தொலைபேசியில் யாரோ அனுப்பும் ஆதாரமில்லாத செய்தியை, “இது யார் சொன்னது?” என்று நிறுத்திக் கேட்கப் போவது இந்தப் பிள்ளைதான். அந்தக் கேள்வி கேட்கப்படாததால் வீடுகளும் ஊர்களும் என்ன விலை கொடுக்கும் என்பதை எமது நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

வைத்தியர்கள் என்ற முறையில் எமக்கு இதில் இன்னும் ஓர் அக்கறை உண்டு. கிளினிக்குக்கு வரும் பெண்களில் பலர், நாம் சொல்வதற்கெல்லாம் தலையசைப்பார்கள். “விளங்கியதா?” என்றால், “ஓம் டொக்டர்” என்பார்கள். வெளியே போய், மருந்து கொடுக்கும் இடத்தில் நிற்கும் இன்னொரு பெண்ணிடம், “இதைச் சாப்பாட்டுக்கு முன்னமா, பின்னமா?” என்று கேட்பார்கள். எங்களிடம் கேட்க மாட்டார்கள். கர்ப்பிணித் தாய் ஒருவர் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி, இரண்டு உயிர்களின் கதையாகலாம். இவர்கள் அறிவு குறைந்தவர்கள் அல்லர். பதினொரு ஆண்டுகள், பதின்மூன்று ஆண்டுகள் பாடசாலையில் இருந்தவர்கள். பெரியவர்கள் முன் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று அவர்களுக்குள் எங்கோ பதிந்துவிட்டது. ஆகவே இஸ்லாமிய நாகரிக வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, “டீச்சர், இந்த ஆண்டு பொருந்தவில்லையே” என்று அதபோடு சொல்லும்போது, அது வெறும் வரலாற்றுப் பாடமாக நின்றுவிடுவதில்லை. பத்து வருடம் கழித்துத் தன் குழந்தையின் காய்ச்சலைப் பற்றி வைத்தியரிடம் தயங்காமல் கேட்கப்போகும் தாய் அங்கேதான் உருவாகிறாள்.

பெண்பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தில் முன்மாதிரிகளுக்குக் குறைவில்லை. ஹஃப்ஸா (ரழி) அவர்களுக்கு எழுதக் கற்பித்த அஷ்ஷிபா பின்த் அப்துல்லாஹ் ஒரு பெண். எமது நாட்டில் 19ஆம் நூற்றாண்டிலேயே பெண்பிள்ளைகளின் கல்விக்காகக் குரல் கொடுத்தவர் 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்தி லெப்பை. அந்த வழியில் வந்த நூறு ஆண்டுதான் இன்று நாம் கொண்டாடுவது.

கடைசியாக, உலகெங்கும் இருக்கும் பழைய மாணவியரிடம் சில வேண்டுகோள்கள். நூற்றாண்டு ஞாபகமாகக் கட்டடமும் கடிகாரமும் கொடுப்பது நல்லதே. அத்தோடு இவற்றையும் சேர்த்துக்கொள்வோம்.

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ அரபுத் தமிழ்க் கிதாபு, பழைய கடிதம், கல்யாணப் பதிவு, வைத்தியக் குறிப்பு எது இருந்தாலும் அடக்குவதற்கு முன் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்புங்கள். யாருடையது, எந்த ஊர், எப்படி வந்தது என்று மூன்று வரி எழுதுங்கள். அந்த மூன்று வரி இல்லாவிட்டால் படத்துக்குப் பாதி மதிப்புத்தான். எண்பது வயதைக் கடந்த உம்மும்மாமாரின் குரலைப் பதிவு செய்ய மாணவியருக்கு வாசல் திறந்து கொடுங்கள். உயர்தர வகுப்பு ஒவ்வோர் ஆண்டும் ஒருமுறை நூதனசாலைக்குப் போய்வரும் பஸ் செலவை ஒவ்வொரு வருடத்துப் பழைய மாணவியர் குழுவும் முறைவைத்துப் பொறுப்பெடுக்கட்டும். ஊருக்கு வரும்போது ஒரு பாடவேளையைக் கல்லூரிக்குத் தாருங்கள். சொற்பொழிவு செய்ய வேண்டாம். வகுப்பின் முன் ஒரு கதிரையில் உட்காருங்கள். பிள்ளைகள் கேட்கட்டும், நீங்கள் பதில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். பெரியவர்களும் அப்படிச் சொல்லலாம் என்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

எமது ஆசிரியைகள் எமக்குத் தந்த அமானிதம் இது. அடுத்த நூற்றாண்டின் பிள்ளைகளிடம் இதை முழுதாக ஒப்படைக்க அல்லாஹ் எமக்கு அருள் புரிவானாக. எமக்கு முன் இங்கு கற்பித்து மறைந்த ஆசிரியைகள் அனைவருக்கும் நற்கூலி வழங்குவானாக.

இப்போது மாணவியர் கேள்வி கேட்கலாம். பின் வரிசையிலிருந்து தொடங்குவோம்.